வள்ளுவருக்குப் பின்னால் இருக்கும் வானம்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கோவையிலிருந்து அலையைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இறங்க வேண்டும்; இல்லாவிட்டால் கிழக்கிலோ தெற்கிலோ நீண்ட சமவெளியைக் கடக்க வேண்டும். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்தில் கேமரா பிடிக்கும் இளைஞர்களுக்குக் கடலோரம் என்றால் தனி ஆசை. நாகர்கோவில் போகும் இரவு ரயிலில், முதுகில் பெரிய பையும் கையில் மடக்கிய டிரைபாடுமாக ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் மனத்தில் இருப்பது ஒரே படம்தான். கன்னியாகுமரியில் பாறை மேல் நிற்கும் வள்ளுவர். அவருக்குப் பின்னால் பால்வீதி.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இரவு வானத்தோடு சேர்த்துப் படம்பிடிக்கத் தோதான சின்னங்கள் வேறும் உண்டு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கிழக்கே வங்கக் கடலைப் பார்த்து நிற்கிறது. ஆனால் வடக்கே சென்னையின் வெளிச்சம் வானத்தை வெளுக்கிறது, தொல்லியல் துறையின் வளாகத்தில் டிரைபாட் வைக்கவே அனுமதி வாங்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் மேலே வானம் நல்ல இருட்டு. ஆனால் பொழுது சாய்ந்தபின் வெளியாட்களை அங்கே இருக்க விடுவதில்லை. கன்னியாகுமரியில் அந்தச் சிக்கல் இல்லை. சிலை கடலுக்குள் இருக்கிறது, நாம் கரையில் நின்றால் போதும். அங்கே வேறொரு அனுகூலமும் உண்டு. பலரும் கவனிக்காத அந்த அனுகூலம் பூமியின் வடிவத்திலிருந்து வருவது.

கோவையின் அட்சரேகை வடக்கே 11 பாகை. கன்னியாகுமரியினுடையது 8 பாகையும் சற்றும். ஒரு ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அந்த ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. ஆக, கோவையில் ஒரு முட்டி உயரத்தில் இருக்கும் துருவ நட்சத்திரம், கன்னியாகுமரிக்குப் போனால் முட்டி உயரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க ரயிலில் தெற்கே போகிற பயணி, வானமே மூன்று பாகை சாய்ந்த இடத்தில் கண் விழிக்கிறார்.

அட்சரேகை என்ற ஒரே ஓர் எண்ணை நம்பி ஒரு மலைச்சரிவையே தேர்ந்தெடுத்த கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீலகிரியில், உதகையை அடுத்த முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-ல் ஒரு வானொலித் தொலைநோக்கியை இயங்க வைத்தார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை வடக்கு தெற்காக ஒரு சரிவில் கிடத்தியிருக்கிறார்கள். அந்தச் சரிவின் சாய்வு 11 பாகையும் சொச்சமும், அதாவது அந்த இடத்தின் அட்சரேகையேதான். அப்படிக் கிடப்பதால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் நகரும் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர முடிகிறது. இந்த உத்தி கன்னியாகுமரிக் கரையில் சின்ன அளவில் மறுபடி தேவைப்படும்.

வடக்கே மூன்று பாகை இழந்தால் தெற்கே மூன்று பாகை லாபம். தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம் வானநடுக்கோட்டுக்கு 60 பாகை தெற்கே இருக்கிறது. அது உச்சம் தொடும்போது கோவையில் அடிவானத்திலிருந்து 19 பாகை உயரம், கன்னியாகுமரியில் 22. டெல்லியிலோ ஒரு பாகையும் கொஞ்சமும்தான், புழுதியில் மறைந்துவிடும். அகத்தியர் பெயரால் நாம் அழைக்கும் விண்மீன், இரவு வானில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் கொண்டது, கன்னியாகுமரியில் 29 பாகை உயரம் வரை எழும்பும். பிப்ரவரித் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் அது தெற்கே உச்சத்தில் நிற்கும். அதற்கும் கீழே, அடிவானத்திலிருந்து வெறும் 12 பாகையில், பெரிய மெகல்லன் மேகம். நம் பால்வீதியைச் சுற்றும் இன்னொரு விண்மீன் மண்டலம் அது. சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவு. ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த ஒரு வானியல் ஆர்வலர் அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான மைல் பறந்து வர வேண்டும். நமக்கு ஓர் இரவு ரயில்.

தெற்கே திரும்பி நிற்கும்போது முன்னால் மலை இல்லை, கட்டடம் இல்லை, அடுத்த ஊரின் வெளிச்சம் இல்லை. அந்தத் திசையில் நேராகப் போனால் அண்டார்க்டிகா வரை ஏறக்குறைய முழுக்க நீர்தான். இந்தியாவின் பெருநிலத்தில் இப்படித் தென்வானம் திறந்து கிடக்கும் தென்கோடி முனை இது. அந்த முனையில் ஒரு பாறை மேல் வள்ளுவர் நிற்கிறார்.

சிலையின் அளவுகள் பலருக்கும் மனப்பாடம். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம். பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்த 95-க்கு 95 அடிச் சிலை. மொத்தம் 133. கணபதி ஸ்தபதி வடித்தது. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். சுமார் 7,000 டன் கல். 2004 ஆழிப்பேரலை மோதியும் அசையவில்லை. வெள்ளிவிழாவை ஒட்டி 2024 டிசம்பர் 30 அன்று, விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடி இழைப் பாலம் திறக்கப்பட்டது. பொழுது சாய்ந்தால் சிலை மேல் விளக்குகள் பாயும். சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

ஊர் வெளிச்சமே படாத, நிலவு இல்லாத வானம் எவ்வளவு மங்கல் தெரியுமா? ஒரு பரப்பின் பிரகாசத்தை சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பார்கள். நல்ல இருட்டு வானத்துக்கு அது ஏறக்குறைய 0.0002. விளக்கடித்த ஒரு கற்சின்னத்தின் முகத்துக்கு வழக்கமாக 10 அளவில் இருக்கும். இரண்டுக்கும் இடையே 50,000 மடங்கு வித்தியாசம். ஒளி இரட்டிப்பதை ஒரு ‘ஸ்டாப்’ என்று புகைப்படக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இது பதினைந்தரை ஸ்டாப். இன்றைய நல்ல முழுச்சட்டகக் கேமரா, ஐ.எஸ்.ஓ.வைக் குறைவாக வைத்தால், ஒரே படத்தில் சுமார் 14 ஸ்டாப் வரை தாங்கும். வானத்துக்காக ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால் அந்தத் தாங்கும் திறன் பத்து, பதினொன்றுக்கு இறங்கிவிடும். அதற்குள் வள்ளுவரையும் விண்மீனையும் ஒன்றாக அடைக்க வழியில்லை.

கணக்கைக் கேமராவின் மொழியிலேயே போட்டுப் பார்க்கலாம். லென்ஸ் துளை எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200. விளக்கடித்த சிலைக்கு விநாடியில் முந்நூறில் ஒரு பங்கு போதும். பால்வீதிக்குக் குறைந்தது 10, 15 விநாடி திறந்திருக்க வேண்டும். வானத்துக்கு வைத்த அளவில் எடுத்தால் சிலை ஆயிரக்கணக்கான மடங்கு மிகையாகி வெறும் வெள்ளைத் திட்டாகும். அந்த வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறிப் பக்கத்து வானத்தையும் பாழாக்கும். சிலைக்கு வைத்து எடுத்தால் வானம் வெறும் கறுப்பு. சமூக ஊடகத்தில் பார்த்த படத்தை நம்பிப் போய், கேமராத் திரையில் வெள்ளைத் திட்டைப் பார்த்துச் சோர்ந்து திரும்புகிறவர்களிடம் தவறு ஏதுமில்லை. ஒளியின் விகிதம் அப்படி.

கண்ணுக்கு மட்டும் இரண்டும் தெரிகிறதே என்று கேட்கலாம். தெரிவதில்லை. பிரகாசமான சிலையைப் பார்த்த கண்ணில் பாப்பா சுருங்கிவிடும். விழித்திரையில் இருட்டுக்கென்று இருக்கும் கோல் செல்கள் தம் நிறமியை இழந்துவிடும். அந்த நிறமி மீண்டும் முழுமையாக ஊற 20 முதல் 30 நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும். அதற்குள் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. கோல் செல்களுக்கு ஆழ்ந்த சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால்தான் வானம் பார்க்கிறவர்கள் சிவப்பு டார்ச் வைத்துக்கொள்கிறார்கள்.

கேமரா உணரிக்குள் நடப்பது வேறு. 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சி.சி.டி., பிறகு 1990-களில் நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் வளர்த்த சீமாஸ், இரண்டும் செய்வது ஒன்றே. ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் விழும் ஒளித்துகள்களை எலெக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. மழை நாளில் முற்றத்தில் வரிசையாக வைத்த குடங்கள் மாதிரி. மழை கனத்தால் எல்லாக் குடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் இருக்கும். தூறலில் ஒரு குடத்தில் ஏழு துளி, அடுத்ததில் பதின்மூன்று. வானத்தின் ஒளி தூறல். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால், அதில் 10 கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. பத்து சதவீதத் தடுமாற்றம். 10,000 விழுந்தால் தடுமாற்றம் 100, வெறும் ஒரு சதவீதம். இருட்டுப் படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் நாய்ஸில் பெரும்பங்கு இந்தத் தடுமாற்றம்தான். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதால் ஒளித்துகள் ஒன்றுகூட அதிகமாக வராது. வந்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே. உண்மையில் அதிகம் வேண்டுமென்றால் லென்ஸ் துளை பெரிதாக வேண்டும், அல்லது நேரம் கூட வேண்டும்.

நேரத்தைக் கூட்ட பூமி விடுவதில்லை. மணிக்கு 15 பாகை சுழல்கிறது. வானநடுக்கோட்டில் இருக்கும் விண்மீன் ஒரு விநாடியில் 15 வில்விநாடி நகரும்; ஒரு பாகையில் 3,600 வில்விநாடி. 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில் 20 மி.மீ. லென்ஸைப் பூட்டினால் ஒரு பிக்சல் வானத்தில் ஏறக்குறைய 60 வில்விநாடி அகலத்தைப் பார்க்கும். அதாவது நான்கே விநாடியில் விண்மீன் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வரும் எண்தான் அதிகபட்ச விநாடி என்று ஒரு பழைய விதி இருக்கிறது. அதன்படி 20 மி.மீ.க்கு 25 விநாடி. அதற்குள் விண்மீன் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். பிலிம் காலத்தில், சின்னதாக அச்சிட்ட படத்தில் இது தெரியாது. இன்றைய உணரியில் தெளிவாகத் தெரியும். பத்து விநாடியை ஒட்டி நிறுத்திக்கொள்வதே நல்லது.

இங்கே தென்வானம் ஒரு சலுகை தருகிறது. வானதுருவத்தை நெருங்க நெருங்க விண்மீன்களின் நகர்வு குறையும். தென்சிலுவை இருக்கும் 60 பாகைத் தெற்கில் வேகம் பாதியாகிவிடும். அதை வள்ளுவருக்குப் பின்னால் வைத்து எடுக்கிறவர் அதே அளவு இழுவைக்கு இரு மடங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். பால்வீதியின் மையம் 29 பாகை தெற்கே இருப்பதால் அங்கே சலுகை கொஞ்சம்தான், எட்டில் ஒரு பங்கு.

நகர்வையே படமாக்க விரும்புகிறவர்கள் நூற்றுக்கணக்கான படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சேர்ப்பார்கள், விண்மீன்கள் கோடுகளாகும். உலகில் பெரும்பாலும் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிய முழு வட்டங்களைத்தான் எடுக்கிறார்கள். கன்னியாகுமரியில் தெற்கே திரும்பினால் வேறு காட்சி. தென்துருவம் அடிவானத்துக்கு எட்டுப் பாகை கீழே, கடலுக்கு அடியில் இருக்கிறது. அதனால் கோடுகள் முழு வட்டமாக வராமல், கிழக்கே கடலிலிருந்து எழுந்து மேற்கே கடலில் இறங்கும் வில்களாக, ஒன்றுக்குள் ஒன்றாக அமையும். நடுவில் சிலையை நிறுத்தினால் படத்துக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது. விளக்கு வெளிச்சத்திலும் ஓரளவு கைகூடுகிற படம் இது. சின்னச் சின்ன நேரத்தில் எடுத்துச் சேர்ப்பதால் சிலை வெளுத்துப் போவதைக் கட்டுப்படுத்தலாம். பால்வீதி கிடைக்காத இரவில் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பூமியின் சுழற்சியை ஈடுகட்ட ஸ்டார் டிராக்கர் என்ற சின்ன மோட்டார் கருவி உண்டு. முத்தோரைத் தொலைநோக்கி செய்வதை உள்ளங்கை அளவில் செய்வது. அதன் அச்சை வானதுருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். ஐரோப்பாவில் துருவ நட்சத்திரம் உயரத்தில் இருப்பதால் அது சுலபம். கன்னியாகுமரியில் அது எட்டுப் பாகையில், ஊரின் கட்டடங்களுக்கும் விளக்குகளுக்கும் பின்னால் மறைந்திருக்கும். அதனால் போனில் சாய்வுமானியை வைத்து அச்சை 8 பாகைக்குத் தூக்கி, காம்பஸால் வடக்கைப் பிடிப்பார்கள். நீண்ட லென்ஸுக்கு இந்தத் துல்லியம் போதாது, 20 மி.மீ.க்குப் போதும். டிராக்கர் ஓடும்போது விண்மீன் நிற்கும், சிலை அசைந்து கலங்கும். ஆகவே சிலைக்குத் தனிப் படம் எடுத்தே ஆக வேண்டும்.

டிராக்கர் இல்லாதவர்களுக்கு ஸ்டாக்கிங். பத்து விநாடிப் படங்கள் பதினாறு எடுத்து, கணினியில் விண்மீன்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்திச் சராசரி கண்டால், தடுமாற்றம் நான்கில் ஒரு பங்காகும். பதினாறின் வர்க்கமூலம் நான்கு. செலவு என்று பார்த்தால் பொறுமை மட்டுமே.

எந்த மாதம் போவது என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் பால்வீதிக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று எழுதியிருக்கும். அந்த மாதங்களில் கன்னியாகுமரியில் தென்மேற்குப் பருவமழை மேகம். நமக்கு ஏற்ற காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஆனால் மாலையில் கிடைக்காது, விடியலுக்கு முன்புதான். மார்ச் தொடக்கத்தில் பால்வீதியின் மையம் இரவு இரண்டு மணிக்குச் சற்று முன் தென்கிழக்கில் கடலிலிருந்து எழும். ஐந்து மணிக்கு அது 40 பாகையை நெருங்கியிருக்கும். ஐந்தரை மணிக்கெல்லாம் வானம் வெளுக்கத் தொடங்கும். அந்த மூன்று மணி நேரம்தான் வேலை நேரம். நம்மிடமிருந்து அந்த மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் திசையில் நாம் காணும் விண்மீன் கூட்டமும் நடுவே கோடு கோடாக ஓடும் கரிய தூசு மேகங்களும் அதற்கு இப்புறம் இருப்பவை.

தென்கிழக்கில் எழுவதைச் சிலைக்குப் பின்னால் கொண்டுவர வேண்டுமென்றால் நாம் சிலைக்கு வடமேற்கே நிற்க வேண்டும். முக்கடல் சங்கமப் பக்கம் நின்றால் சிலை கிழக்கை ஒட்டித் தெரியும். படகுத்துறைக்கு வடக்கே நகர நகர அது தெற்குப் பக்கம் போகும். இரண்டுக்கும் இடையில் கடலோர விடுதிகளின் மொட்டைமாடிகள். அனுமதி கேட்டு ஏறினால் சிலை கீழே அமைந்து, வானம் மேலே விரியும். தென்சிலுவை வேண்டுமென்றால் வடக்குப் பக்கம். அது மார்ச் கடைசியில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னும், மே நடுவில் இரவு ஒன்பதரை வாக்கிலும் நேர் தெற்கே உச்சத்தில் இருக்கும்.

அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும் என்பது தெரிந்ததே. தை அமாவாசையன்று விடியலில் நீராடக் கூட்டம் கூடும். அன்று கரையில் டிரைபாட் வைத்து யாருக்கும் இடைஞ்சலாக நிற்பது முறையல்ல. இரண்டு நாள் தள்ளிப் போனால் வானம் அதே இருட்டுதான்.

கடல் தன் பங்குக்குத் தொல்லை தரும். கரையில் நின்றால் அலை சிதறும் உப்புத் துளி கண்ணுக்குத் தெரியாமல் லென்ஸ் மேல் படியும். காய்ந்தபின் அது மெல்லிய படலம். விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் போடும். துடைக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் காற்றடிக்கும் பம்பால் ஊதி, பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்த துணியால் ஒரே திசையில் எடுக்க வேண்டும். ஃபோகஸையும் இருட்டில் கேமராவே பிடிக்காது. லைவ் வியூவில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழையாகத் திருப்பினால், வெளிறிய வட்டு சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகும். மீண்டும் விரியத் தொடங்கினால் தாண்டிவிட்டோம். சற்றுப் பின்வாங்கி அங்கேயே டேப் ஒட்டிவிட வேண்டும்.

அடிவானத்தை நெருங்கும் விண்மீன் ஏன் மங்குகிறது என்பதும் கடற்கரையில் நன்றாக விளங்கும். தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது கடக்கும் காற்றின் கனத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 22 பாகை உயரத்தில் அது இரண்டரை மடங்கைத் தாண்டும். பத்துப் பாகையில் ஐந்தரை. அடிவானத்தில் ஏறக்குறைய நாற்பது. ஈரமும் உப்பும் கலந்த காற்று அது. மெகல்லன் மேகத்தை வெறும் கண்ணால் கன்னியாகுமரியில் பார்ப்பது அரிது என்பதற்கும், கேமராவில் மட்டும் மங்கலாக விழுவதற்கும் இதுவே காரணம்.

இப்போது நேர்மையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சிலைக்கும் வானத்துக்கும் தனித்தனியாக எடுத்து ஒன்றாக்குவது ஏமாற்றா? ஒரே இடத்தில், ஒரே டிரைபாடில், அதே இரவில், அதே லென்ஸில் எடுத்து, அப்படிச் செய்ததைப் படத்தின் கீழ் எழுதிவிட்டால் அதில் ஏமாற்று இல்லை என்பது என் கருத்து. உணரியின் எல்லையைத் தாண்டும் வழி அது. வால்பாறையில் எடுத்த பால்வீதியைக் கொண்டுவந்து வள்ளுவர் தலைக்கு மேல் ஒட்டுவது வேறு. அது படமல்ல, பொய்.

பொய்யைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பால்வீதியின் மையம் கன்னியாகுமரியில் ஒருபோதும் வடக்கில் தெரியாது; விவரம் அறிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நிலாவுக்கு இன்னும் சுலபமான கணக்கு. நிலா வானத்தில் அரைப் பாகை அகலம். பீடத்தோடு சேர்ந்த சிலையின் உயரம் 40.5 மீட்டர், 500 மீட்டர் தொலைவிலிருந்து அது நாலரைப் பாகைக்கு மேல் தெரியும். அதாவது ஒன்பது நிலாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். கரையில் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் நிலா வள்ளுவர் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது ஒட்டியது. நிஜமாகவே பீடம் நீங்கலாகச் சிலையின் உயரத்துக்கு நிலா அமைய வேண்டுமென்றால், மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நீண்ட டெலி லென்ஸில் எடுக்க வேண்டும். அப்படித் தேடி, நிலா எழும் திசையையும் நேரத்தையும் கணித்து எடுத்த படத்துக்கு மதிப்பே தனி.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது விளக்கு. கோவையில் நாம் இதை வீட்டு மாடியிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தெருக்களில் மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது. மின்சாரம் மிச்சம், அது நல்லதே. ஆனால் சோடியத்தின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் நிறத்தைச் சுற்றியே குவிந்திருந்ததால் அதை வடிகட்டிக் கேமராவில் தடுக்க முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. நீலத்தில் ஓர் உச்சமும் மற்ற நிறங்களில் பரவலுமாக எங்கும் நிறைந்திருக்கும், வடிகட்ட வழியில்லை. போதாததற்கு, காற்று மூலக்கூறுகள் நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கும். 600 நானோமீட்டர் ஒளியைவிட 450 நானோமீட்டர் ஒளி மூன்று மடங்குக்கு மேல் சிதறும். பகல் வானம் நீலமாக இருக்கும் அதே காரணம் இரவு வானத்தை வெளுக்கிறது.

2016-ல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடம், மனித இனத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தம் ஊரிலிருந்து பால்வீதி தெரிவதில்லை என்று காட்டியது. 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, உலகெங்கும் மக்கள் எண்ணி அனுப்பிய விண்மீன் கணக்குகளை வைத்து, வானம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வெளுத்துவருவதாகச் சொன்னது. 250 விண்மீன் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது 100 தெரிந்தால் உண்டு. வால்பாறை மலைப்பாதையிலிருந்து இரவில் பொள்ளாச்சிச் சமவெளியைப் பார்க்கிறவர்களுக்கு இந்த எண்கள் புதிதாகத் தோன்றாது.

தமிழ்நாடு இதை அறியாத மாநிலமல்ல. ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் அமைத்ததற்கு ஊர் வெளிச்சத்திலிருந்து விலகிய இருட்டும், தென்வானம் தெரியும் அட்சரேகையுமே காரணங்கள். இப்போது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், நம் கொங்கு மண்ணிலேயே, இருண்ட வானப் பூங்கா ஒன்றை அரசு அறிவித்திருக்கிறது. லடாக்கின் ஹான்லே 2022-லும், மகாராஷ்டிரத்தின் பென்ச் புலிகள் காப்பகம் 2024-லும் எட்டிய இடம் அது. கடற்கரையிலும் முன்மாதிரி உண்டு. ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் திரும்பிவிடுகின்றன என்பதால், முட்டை பொரிக்கும் பருவத்தில் சென்னைக் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. அந்தப் பருவமும் பால்வீதி விடியலில் எழும் பருவமும் ஏறக்குறைய ஒன்றே.

வள்ளுவர் மேல் விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஒளியில்தான் சிலையைப் பார்க்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கரை காலியாகிவிடுகிறது. அப்போது விளக்கைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 50,000 என்ற விகிதம் 5,000 ஆகும். நல்ல கேமராவுக்கு அது எட்டிப்பிடிக்கும் தூரம். முற்றிலும் அணைத்தால் சிலை விண்மீன்களுக்கு முன்னால் கரிய உருவமாக நிற்கும். அதற்கு எந்த ஒட்டுவேலையும் வேண்டாம், ஒரே படம் போதும். கேமரா இல்லாதவரும் கண்ணால் பார்க்கலாம் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

மாசி, பங்குனி அமாவாசைகளை ஒட்டிய இரண்டு மூன்று இரவுகள், நள்ளிரவு முதல் காலை நான்கு மணி வரை. கலங்கரை விளக்கம் எரியட்டும். படகுகளுக்கு வேண்டிய விளக்கும் பாலத்தின் காவல் விளக்கும் எரியட்டும். சிலை மேலே பாயும் விளக்குகளை மட்டும் அணைத்து, அந்தத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்தால், தென்சிலுவையும் பால்வீதியும் வள்ளுவரும் ஒருங்கே தெரியும் இடம் என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய காரியம் இது. இதற்கென்று புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.